மலைக்குடி முதியோரின் கதைகள்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூரை அடுத்து, மங்கலதேவி கண்ணகி கோட்டத்துக்கு நடந்தேறும் பாதை தொடங்குகிற பளியன்குடி, பளியர் என்னும் ஆதிகுடியினர் வசிக்கும் சிற்றூர். வேங்கை மர நிழலில் தாம் கண்ட அதிசயத்தைக் குன்றக்குறவர் சேரன் செங்குட்டுவனிடம் வாய்மொழியாகச் சொன்ன செய்தியே சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்துக்கு வித்து என்பதை நினைத்தால், மலைவாசிகளின் சொல்லுக்குத் தமிழ் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பது விளங்கும். காட்டுக் கிழங்கை இனங்காணும் வகை, செங்குத்துப் பாறையில் கொடியைப் பற்றி இறங்கி மலைத்தேன் எடுக்கும் முறை, பளிச்சியம்மன் வழிபாடு ஆகியவற்றைக் கதையோடு கதையாகப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டிய முதியோரின் குரலை, இன்று ஒரு கைபேசியே பதிந்து வைத்துவிடும். நீலகிரியில் ரேடியோ கோத்தகிரி என்னும் சமுதாய வானொலி, பழங்குடி மொழிகளிலேயே நிகழ்ச்சிகளை ஒலிபரப்பி இதற்கு வழிகாட்டியிருக்கிறது. ஆயினும் எல்லாக் கதையும் எல்லோர் செவிக்கும் உரியதன்று. ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்து என்னும் மின்னணு ஆவணக் களஞ்சியம், எந்தக் கதையை யார் கேட்கலாம் என்று அக்குடியினரே நிர்ணயிக்க இடமளிக்கிறது. நம் இளைஞர்களும் கைபேசியை நீட்டுமுன் பாட்டியின் சம்மதத்தைப் பெற்று, கதையில் வரும் ஓடை, பாறை, மரம் இவற்றின் பெயர்களை அவர் உச்சரித்தபடியே குறித்துக்கொள்ள வேண்டும். அவர் நிறுத்தச் சொன்னால் அக்கணமே பதிவை நிறுத்திவிட வேண்டும்.