கடலில் தலைமை: மராட்டிய வரலாறு தரும் படிப்பினைகள்

2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் இந்தியக் கடற்படைக்குப் புதிய கொடி வழங்கப்பட்டது. அதன் எண்கோண வடிவம் சத்ரபதி சிவாஜியின் முத்திரையைத் தழுவி அமைக்கப்பட்டதாகும். 2025-இல் மராட்டியர்களின் கோட்டைகள் பன்னிரண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நம் செஞ்சிக் கோட்டை அவற்றுள் ஒன்று. கந்தேரி, சுவர்ணதுர்க்கம், விஜயதுர்க்கம், சிந்துதுர்க்கம் ஆகியவை கொங்கணக் கடலோரத்தைச் சார்ந்தவை. இச்சிறப்புகளால் மராட்டியக் கடற்படையின் வீரம் பலரும் அறிந்த செய்தியாகிவிட்டது. ஆனால் கப்பல்களிலும் துறைமுகங்களிலும் மீன்பிடி படகுகளிலும் பணிபுரிவோருக்குப் பயன்படக்கூடியது அந்த வீரத்தைக் காட்டிலும் அதன் பின்னே இருந்த நிர்வாகமேயாகும்.

மலைநாட்டில் வளர்ந்த ஓர் அரசு கடலை நோக்கித் திரும்பியது 1657-ஆம் ஆண்டையொட்டி. கல்யாண், பிவண்டி ஆகிய ஊர்கள் கைக்கு வந்தபின் அங்கு கப்பல் கட்டும் பணி தொடங்கிற்று. 1664 நவம்பரில் மால்வண் அருகே ஒரு சிறு தீவில் சிந்துதுர்க்கக் கோட்டைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மறு ஆண்டு சிவாஜி தாமே கப்பலேறி, இன்றைய கர்நாடகத்திலுள்ள பஸ்ரூர் துறைமுகம் வரை சென்றார். தலைவர் பதவிக்குரிய ஆணைகளைக் கரையிலிருந்தே பிறப்பித்திருக்கலாம். எனினும் எதிர்க்காற்றும் அலையும் எத்தகையவை என்பதை அவர் நேரில் கண்டறிந்தார்.

கடலில் அவருக்குத் தோள்கொடுத்தவர்கள் கோலி, பண்டாரி முதலான கடலோரச் சமூகத்தினர். தௌலத்கான் போன்ற முஸ்லிம் தலைவர்களும் கடற்படையில் உயர்பதவி வகித்தனர். குலமோ சமயமோ கேளாமல், நீரோட்டம் அறிந்தவனிடம் சுக்கானை ஒப்படைத்தது அந்த அரசு.

கடலோடிகளின் தேவையைக் கரையில் உள்ளோர் எவ்வாறு கருதவேண்டும் என்பதற்கு 1670-களில் எழுதப்பட்ட கடிதம் ஒன்று சான்றாக உள்ளது. ஜஞ்சீராத் தீவிலிருந்த சித்திகளை எதிர்த்து, அதன் அருகே பத்மதுர்க்கம் என்ற கோட்டை கட்டப்பட்டு வந்த காலம் அது. அங்கிருந்த கடற்படையினருக்குப் பணமும் தானியமும் அனுப்புமாறு பிரபாவளிப் பகுதியின் அதிகாரிக்கு ஆணையிடப்பட்டிருந்தது. அவர் தாமதித்தார். சிவாஜி அவருக்கு எழுதிய கடிதத்தின் கடுமை இன்றும் வியப்பளிப்பது. பொருள்களை அனுப்பாமல் நிறுத்திவைப்பது பகைவனாகிய சித்திக்கு உதவுவதற்கு ஒப்பாகும் என்றும், அதிகாரியின் குலப்பெருமையைக் கருதித் தண்டனை தவிர்க்கப்படமாட்டாது என்றும் அவர் எச்சரித்தார். கோப்பில் ஒரு கையெழுத்து தாமதமாவதைச் சிறு குறையாகக் கருதும் மனப்பான்மை நம் அலுவலகங்களுக்குப் புதியதன்று. கரையில் ஒரு வாரத் தாமதம் கடலில் பட்டினியாகும் என்பதை அக்கடிதம் உணர்ந்திருந்தது.

ஜஞ்சீரா இறுதிவரை மராட்டியர் வசமாகவில்லை என்பதையும் இங்கே மறைக்காமல் கூறவேண்டும். அம்முயற்சிகளில் ஒன்றைப் பற்றி வழிவழியாக வழங்கும் செய்தி குறிப்பிடத்தக்கது. லாய் பாட்டீல் என்ற கோலித் தலைவர் இரவில் கோட்டைச் சுவரில் ஏணிகளைப் பொருத்திக் காத்திருந்தார், வரவேண்டிய தரைப்படை உரிய நேரத்தில் வந்து சேரவில்லை, முயற்சி வீணாயிற்று. சிவாஜி அவருக்குப் பல்லக்கு அளித்துச் சிறப்பிக்க முன்வந்தார். கடலோடிக்குப் பல்லக்கு எதற்கு என்று அவர் பணிவுடன் மறுக்கவே, ஒரு கப்பலைக் கட்டுவித்து, அதற்குப் ‘பல்லக்கு’ என்றே பெயரிட்டு வழங்கினாராம். தோல்வி யாரால் நேர்ந்தது என்று பிரித்தறிந்து, தம் பங்கை முழுமையாகச் செய்தவனைப் பாராட்டுவது எந்த நிறுவனத்திலும் அரிதாகவே காணப்படுகிறது.

1679-இல் நடந்த கந்தேரிப் போராட்டம் விரிவாக நோக்கத்தக்கது. பம்பாய்த் துறைமுகத்தின் வாயிலுக்குத் தெற்கே உள்ள இச்சிறு தீவில் மாய்நாக் பண்டாரி தலைமையில் மராட்டியர் இறங்கி அரண் எழுப்பத் தொடங்கினர். தங்கள் வாணிகத்திற்கு அது ஆபத்து என்று ஆங்கிலேயர் கருதி, ‘ரிவெஞ்ச்’ என்ற பெரிய கப்பலுடன் தீவைச் சூழ்ந்தனர். பீரங்கி வலிமையில் மராட்டியர் அவர்களுக்கு ஈடாகமாட்டார்கள். ஆனால் மராட்டியப் படகுகள் இலேசானவை, ஆழமற்ற நீரிலும் மிதப்பவை, காற்று ஓய்ந்தபோதும் துடுப்பால் விரைபவை. எதிர்க்கரையிலிருந்து இரவுதோறும் அவை உணவும் ஆட்களும் கட்டுமானப் பொருள்களும் கொண்டுசென்றன. அக்டோபரில் நடந்த மோதலில் ‘டவ்’ என்ற ஆங்கிலக் கப்பல் மராட்டியர் வசமாயிற்று. ‘ரிவெஞ்ச்’ உறுதியாக நின்று போரிட்டமையால் மராட்டியப் படகுகள் பின்வாங்கின. ஆயினும் தீவுக்குப் பொருள் செல்வது நிற்கவில்லை. அப்படகுகளின் வேகத்திற்குத் தங்கள் கப்பல்கள் ஈடுகொடுக்க இயலவில்லை என்று ஆங்கிலேயர்களே எழுதிவைத்துள்ளனர். 1680 தொடக்கத்தில் அவர்கள் விலகிச் சென்றனர். கந்தேரி மராட்டியரிடமே நின்றது. பெரும் போர் ஒன்றில் வென்று பெற்ற வெற்றியன்று இது. ஒவ்வோர் இரவும் ஒரு படகு போய்ச் சேர்ந்ததனால் கிடைத்த பயன்.

இவ்வனுபவங்கள் யாவும் பின்னர் ஏட்டில் இடம்பெற்றன. ராமச்சந்திர பந்த் அமாத்தியர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த ‘ஆக்ஞாபத்திரம்’ என்ற ஆட்சிமுறை நூலில் கடற்படைக்கெனத் தனிப் பகுதி உண்டு. காற்றில்லாமல் நகர இயலாத பெருங்கப்பல்களைக் கட்டவேண்டாம், நடுத்தர அளவில் விரைவாகச் செல்பவற்றைக் கட்டுக என்கிறது அந்நூல். கடற்படைச் செலவுக்குக் குறிப்பிட்ட பகுதியின் நிலவருவாயை ஒதுக்கவேண்டும் என்றும், துறைமுக வருவாயை நம்பினால் வணிகர்கள் துன்புறுத்தப்பட்டுத் துறைமுகமே பாழாகும் என்றும் அது காரணம் காட்டுகிறது. வரவுசெலவுத் திட்டம் வகுப்போர் இன்றும் எண்ணிப்பார்க்கவேண்டிய கருத்து இது. மரம் வெட்டுவதிலும் கட்டுப்பாடு இருந்தது. மா, பலா போன்ற மரங்களைக் குடிகள் பிள்ளைகளைப் போல் வளர்க்கின்றனர். பட்டுப்போன மரமாயினும் உரியவரின் இசைவு பெற்று, விலை கொடுத்தே எடுக்கவேண்டும் என்பது விதி.

போர்முறை குறித்த அறிவுரை தற்காலக் கப்பல் தலைவர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. காற்று எதிராகத் திரும்பி, பகைவன் வலுத்தால், வீம்புக்கு நின்று கப்பலையும் ஆட்களையும் இழக்கவேண்டாம். அருகிலுள்ள கடற்கோட்டையின் நிழலில் ஒதுங்குக என்கிறது நூல். பின்வாங்கும் உரிமை கடலில் உள்ளவனுக்கு எழுத்து வடிவில் தரப்பட்டிருந்தது. உயிர்ப் பாதுகாப்புக்குத் தேவையென்று கப்பல் தலைவர் கருதும் முடிவை எடுப்பதிலிருந்து உரிமையாளரோ வாடகைக்கு எடுத்தவரோ அவரைத் தடுக்கலாகாது என்று இன்றைய பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தமும் விதித்துள்ளது. மாலுமிகளுக்கு மாதத்திற்கு ஒருமுறையேனும் ஊதியம் தரப்படவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் கூறுகிறது. இந்தியா இதனை 2015-இல் ஏற்றது. சட்டம் ஏட்டில் இருப்பினும், புயல் அறிவிப்பு வந்தபின்னும் அட்டவணையை நினைத்துத் தயங்கும் தலைவர்கள் இருக்கவே செய்கின்றனர். அந்தத் தயக்கத்தைப் போக்கவேண்டியவர்கள் கரையில் உள்ளவர்கள்.

கானோஜி ஆங்கரேயின் காலத்தில் இக்கடற்படை உச்சநிலை எய்தியது. கொங்கணக் கடலில் செல்லும் வணிகக் கப்பல்கள் தம் அனுமதிச் சீட்டைப் பெறவேண்டும் என்றார் அவர். ஆங்கிலேயர் அவரைக் கொள்ளையர் என்றனர். அதே ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும் அத்தகைய சீட்டுகளைத் தாமும் வழங்கிவந்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 1721-இல் அவ்விரு நாட்டினரும் சேர்ந்து கொலாபாக் கோட்டையைத் தாக்கினர். பேஷ்வா பாஜிராவின் தரைப்படை துணைக்கு வந்தது, தாக்குதல் முறியடிக்கப்பட்டது. கடலில் உள்ளவனும் கரையில் உள்ளவனும் ஒருவரையொருவர் நம்பிய காலம் அது.

1729-இல் கானோஜி மறைந்தார். அவருடைய மைந்தர்களிடையே பூசல் எழுந்து, கப்பல்களும் கோட்டைகளும் பிரிந்தன. அடுத்த தலைமையை உருவாக்கிவிட்டுச் செல்லாதது அவர் வரலாற்றில் காணும் பெருங்குறை. பின்னர் துளாஜி ஆங்கரே பேஷ்வாவுக்கு அடங்க மறுத்தார். பேஷ்வா பாலாஜி பாஜிராவ், அவரை அடக்குவதற்கு ஆங்கிலேயரின் துணையை நாடினார். துளாஜியின் பக்கமும் பிழை இருந்தது. ஆனால் ஓர் அதிகாரியைத் தண்டிப்பதற்காக ஒரு துறையையே அழிப்பது எவ்வகையிலும் நிர்வாகம் ஆகாது. 1755-இல் சுவர்ணதுர்க்கம் வீழ்ந்தது. 1756 பிப்ரவரியில் வாட்ஸன், கிளைவ் ஆகியோர் விஜயதுர்க்கத்தை முற்றுகையிட்டனர். ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தப்பட்டிருந்த கப்பல்களுள் ஒன்றில் குண்டு விழுந்து தீப்பற்றியது. ஆங்கிலேயரிடமிருந்து முன்னர் கைப்பற்றப்பட்ட கப்பல் அது. நெருப்பு அடுத்தடுத்துப் பரவி, தலைமுறைகள் உழைத்து உருவாக்கிய கடற்படை அன்றே சாம்பலாயிற்று.

விஜயதுர்க்கம் பின்னர் பேஷ்வாவிடம் ஒப்படைக்கப்பட்டது. துலப் குடும்பத்தினரின் பொறுப்பில் அங்கு ஒரு சிறு கடற்படை உருவாயிற்று. 1783-இல் அது ‘ரேஞ்சர்’ என்ற ஆங்கிலக் கப்பலைக் கைப்பற்றவும் செய்தது. எனினும் பம்பாயிலிருந்து புறப்படும் கப்பல்கள் எவருடைய சீட்டையும் கேட்கவேண்டிய நிலை அதன்பின் திரும்பவில்லை. 1818-இல் கொங்கணக் கோட்டைகள் ஆங்கிலேயர் வசமாயின.