கை மாறிய வெப்பமானி



1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா' இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர் கத்தியவாரைச் சேர்ந்த, தீண்டப்படாதவராக ஒதுக்கப்பட்ட ஓர் ஆசிரியர். பிள்ளை பெற்ற சில நாட்களில் அவர் மனைவி நோயில் விழுந்தார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். வெளியே கொண்டுவரப்பட்ட பெண்ணையும் அவர் தொடவில்லை. வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். திரும்பி வந்ததும் அதே வழிதான். விளக்கொளியில் அதைப் பார்த்துவிட்டு 'நிமோனியா' என்றார். அந்தப் பெண் இறந்துபோனார். அம்பேத்கர் இதைத் தம் குறிப்புகளில் எடுத்து எழுதினார்.

இதைக் கொடுமை என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். இது தவறான மருத்துவமும்கூட. வெப்பமானி காய்ச்சலைச் சொல்லும், நுரையீரலைச் சொல்லாது. அதற்கு நெஞ்சைத் தட்டிப் பார்க்க வேண்டும், மூச்சொலியைக் கேட்க வேண்டும். தொடாதவருக்கு நோய் தெரியாது. சாதி அங்கே மருத்துவரின் மனத்தை மட்டுமல்ல, அவருடைய அறிவையும் கெடுத்தது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு வாழ்க்கை உண்டு. வேலூரில் மருத்துவரான மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். எனவே சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் எழுந்தது. உயிர் பிழைத்தவர் அதன்பின் எப்படி வாழ்வார் என்ற கேள்வி, அவருக்குத் தம் உடலிலிருந்தே எழுந்த கேள்வி.

இன்னொருவர் பெஜவாடா வில்சன். கோலார் தங்கவயலில், மலம் அள்ளும் வேலையில் தள்ளப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். அந்த அனுபவத்தை அவர் இயக்கமாக்கினார். 2016இல் மகசேசே விருது பெற்றார்.

அந்த வேலையின் அறிவியலையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சாக்கடைக் குழியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் முகரும் உணர்வே செத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று தோன்றும். அந்த வாயு செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்கிறது. நிமிடங்களில் உயிர் போகிறது. காப்பாற்றக் குதிப்பவரும் சாகிறார். இதை 'விபத்து' என்று எழுதுவது பொய். மனிதரை உள்ளே இறக்காமல் இருந்தாலே தடுத்துவிடக்கூடிய சாவு இது. பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு சாவுக்குப் பின்னால்தான் வருகிறது.

மருத்துவம் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் அம்மாவின் முதுகுவலியும் அப்பாவின் இருமலும் வெறும் சோகக் கதைகளல்ல. எந்த வேலையில், எத்தனை ஆண்டில், எப்படி வந்தன என்று கேட்டு எழுதுங்கள். அனுபவம் மட்டுமே சான்றாகிவிடாது. ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்று அது காட்டும். அந்தக் கேள்வியோடு நோயாளியின் அருகில் போங்கள். வெப்பமானியை உங்கள் கையாலேயே வையுங்கள்.