கடைசி 1440 தங்கம்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆட்டத்தில், அரேபியா வரைபடத்தில், ஒவ்வொருவர் ஊரையும் சுற்றி 15 தங்கக் கட்டிகள் கிடக்கும்: ஓரிடத்தில் 7, வேறு இரண்டு இடங்களில் நான்கு நான்கு. கட்டிக்கு 800 வீதம் மொத்தம் 12,000. வயல் வற்றினால் 60 மரம் கொடுத்து மறுபடி விதைக்கலாம். தங்கம் தோண்டித் தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆட்டத்தின் பிற்பகுதியில் ஒரு படையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கணக்கை இந்த 12,000-இல்தான் தொடங்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஹன் நாகரிகத்தை எடுத்துக்கொள்கிறேன். நைட்டின் உச்ச மேம்பாடான பாலடின், தங்கம் கேட்காத குதிரைவீரன் ஹுஸ்ஸார், ஈட்டிக் காலாள் ஹல்பர்டியர் மூன்றும் அவர்களுக்கு உண்டு.

காசில் ஏஜுக்கு 200, இம்பீரியல் ஏஜுக்கு 800 என்று 1000 தங்கம் முதலிலேயே போய்விடும். குதிரைப்படையை முழுதாக வளர்க்கும் செலவு அடுத்தது. கேவலியர் 300, பாலடின் 750, பிளட்லைன்ஸ் 100, தாக்குதல் மேம்பாடுகள் 345, குதிரைக் கவசம் 350: ஆகமொத்தம் 1845. கையில் மிஞ்சுவது 9155. நைட் ஒன்றுக்கு 60 உணவும் 75 தங்கமும் ஆகும். அப்படியானால் ஆட்டம் முழுவதற்கும் 122 நைட்தான். கோட்டை இடிக்க ட்ரெபுஷே பத்து செய்தால், ஒன்றுக்கு 200 வீதம் 2000 தங்கம் குறைந்து, 122 என்பது 95 ஆகிவிடும். லூம் முதலான சில்லறைச் செலவுகளை நான் இதில் சேர்க்கவே இல்லை.

எதிரில் நிற்பது 35 உணவும் 25 மரமும் மட்டுமே விலையாகக் கொண்ட ஹல்பர்டியர். கொல்லன் பட்டறைத் தாக்குதல் மேம்பாடுகள் முடிந்திருந்தால் அவன் வலிமை 10. குதிரைக்கு எதிராக இன்னும் 32. பாலடினின் கவசம் 5 போக, ஒரு குத்துக்கு 37. பாலடினின் உயிர் 180, ஐந்தே குத்தில் முடிந்துவிடும். விழுந்தவனோடு 75 தங்கம் போகிறது. குத்தியவனுக்கு ஒரு பொட்டுத் தங்கமும் செலவில்லை. முழு கவசத்தோடு வரிசையாக நிற்கும் பாலடின்களைப் பார்த்து மயங்குபவர்கள் கவனிக்க வேண்டிய எண் இதுதான்.

ஆகவே தங்கம் கேட்காத படைக்கு மாறியாக வேண்டும். மாறுவதற்கு மட்டும் தங்கம் வேண்டும்! லைட் கேவல்ரி மேம்பாட்டுக்கு 50, ஹுஸ்ஸாருக்கு 600. பைக்மேனுக்கு 90, ஹல்பர்டியருக்கு 600, காலாட்படையின் செயின் மெயில் கவசத்துக்கு 100. கூட்டினால் 1440. தாக்குதல் மேம்பாடுகள் இரு படைக்கும் பொது; குதிரைக் கவசம் ஹுஸ்ஸாருக்கும் சேரும். அதனால் அவற்றுக்கு மறுசெலவு இல்லை. 1440 தங்கம் என்பது 19 நைட்டின் விலை. அந்த 19 பேரை விட்டுக்கொடுத்தால், பிறகு உணவும் மரமும் உள்ளவரை படை வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் தங்கச் செலவு இதில் சிறிய பாதிதான். பெரிய பாதி வயல்களில் இருக்கிறது. ஹுஸ்ஸார் ஒன்றுக்கு 80 உணவு. ஹன்களின் லாயங்கள் 20 சதவீதம் வேகமானவை என்பதால் 30 வினாடிக்குப் பதில் 25 வினாடியில் ஒருவன் வருவான். ஐந்து லாயம் ஓயாமல் ஓடினால் நிமிடத்துக்கு 12 பேர், 960 உணவு. ஒரு உழவர் நிமிடத்துக்குச் சுமார் 20 உணவு தருகிறார் என்று வைத்தால் 48 பேர் வேண்டும். அத்தனை வயலும் புதிதாகப் போட 2880 மரம். எல்லா மேம்பாடும் முடிந்து வயல் ஒன்று 550 உணவு தந்தால்கூட, மறுவிதைப்புக்கும் நிமிடத்துக்கு 105 மரம் போய்க்கொண்டிருக்கும். ஹல்பர்டியருக்கான மரமும் அதே காட்டிலிருந்துதான் வர வேண்டும். தங்கச் சுரங்கத்திலிருந்து ஆட்களைக் கிளப்பி வயலுக்கும் காட்டுக்கும் அனுப்பும் வேலை, தங்கம் தீரும் நாளில் தொடங்கினால் எட்டாது.

தாமதத்தின் விலையையும் பார்த்துவிடலாம். யாரும் தொடாத சந்தையில் 100 உணவு விற்றால் 30 சதவீதக் கட்டணம் போக 70 தங்கம் கிடைக்கும். ஒவ்வொரு விற்பனைக்கும் விலை இறங்கும். ஹல்பர்டியர் மேம்பாட்டுக்கான 600-ஐத் திரட்டவே ஏறத்தாழ 1000 உணவு போய்விடும். அது 12 ஹுஸ்ஸார். தங்கம் தரும் மூன்று புனிதச் சின்னங்களை நம்பியிருந்தால், நிமிடத்துக்கு 90 வீதம் 1440 சேர 16 நிமிடம். எதிரி அவ்வளவு நேரம் தருவதில்லை.

மக்கள்தொகை வரம்பு 200. 120 பேர் உழைப்பவர்கள் என்றால் படைக்கு 80 இடம். பாலடின்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த இடம் காலியாகாது. எனவே மேம்பாடு நடக்கும்போதே அவர்களைச் சண்டைக்கு அனுப்பிவிடுங்கள். படைவீட்டில் பைக்மேனுக்கு 45, ஹல்பர்டியருக்கு 50 என 95 வினாடி ஆகும். பாலடின்கள் விழ விழப் புதியவர்கள் நிரம்புவார்கள்.

ஆட்டத் திருத்தங்களில் விலைகள் மாறுவதுண்டு; நாகரிகத்துக்கு நாகரிகமும் கணக்கு வேறு. 2022-இல் சேர்ந்த திராவிடர்களுக்கு நைட் வரிசையே கிடையாது. உங்கள் படையின் எண்களை வைத்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ஹன் ஆடுபவர்களுக்குச் சொல்வது இது: மூன்றாவது தங்கக் குவியலில் 3200 இருக்கிறது. அதில் முதல் கடப்பாரை விழும்போதே 1440-ஐ எடுத்து வையுங்கள். மீதி 1760-க்கு இன்னும் 23 நைட் வரும்.