முக்காலே மூணு வீசம்

‘வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சுபோச்சு’ என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஏதோ குத்துமதிப்பாகச் சொல்வதுபோல் இருக்கும். ஆனால் கணக்கு கறார். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. முக்காலுக்குப் பன்னிரண்டு வீசம், மேலே மூன்று, ஆகப் பதினைந்து. முழுசாக ஒரே ஒரு வீசம்தான் பாக்கி.

வீசத்துக்கே மாகாணி என்றும் பெயர் உண்டு. மா 1/20, காணி 1/80. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 5/80, அதாவது 1/16. பெயரே கூட்டல் கணக்கு! மனப்பாடத்தை நம்பி நடந்த திண்ணைப் பள்ளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அரைக்கால் 1/8, அரைமா 1/40, அரைக்காணி 1/160. அதிலும் பாதி முந்திரி, 1/320. (வறுத்துத் தின்கிற முந்திரியை இங்கே இழுக்க வேண்டாம். அந்த மரம் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு பிரேசிலிலிருந்து வந்தது. அதற்கு 500 ஆண்டு முன்பே தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நிலத்தை முந்திரிகைக் கணக்கில் அளந்துவிட்டன.)

அதென்ன 320? பாதி, அதில் பாதி என்று 64 பங்குவரை வெட்டிக்கொண்டே போனாலும் மிச்சம் விழாது; 5, 10, 20 என்று பிரித்தாலும் விழாது. நெல்லையும் நிலத்தையும் பங்கு போடுகிறவர்களுக்கு வாகான எண். அதற்கும் கீழே போக வேண்டுமா? புதுப் பெயர் தேட வேண்டியதில்லை, ‘கீழ்’ என்று முன்னால் ஒட்டினால் போதும். கீழரை என்றால் 1/320இல் அரை. கீழ்முந்திரி என்றால் முந்திரியிலும் 320இல் ஒரு பங்கு: 1/1,02,400.

ரூபாய்க்குப் பதினாறணா இருந்தவரை வீசம் பிழைத்துக் கிடந்தது. ஓரணா என்பதே ரூபாயில் வீசம்தானே. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானது. கால் ரூபாய் 25 பைசா, அரை ரூபாய் 50. இரண்டும் புதுக் கணக்கில் பொருந்திக்கொண்டன. அரைக்கால் 12½ பைசா, வீசம் 6¼. அந்த மதிப்புக்கு நாணயமே கிடையாது. காலும் அரையும் இன்று நம் வாயில் புழங்க, மாகாணி அகராதிக்குப் போனதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். யூனிகோடு மட்டும் 2019இல் இந்தப் பின்னங்களின் குறிகளுக்கு இடம் ஒதுக்கியது. வரிசையில் முதலில் நிற்பது முந்திரி.