மேகம் கறுத்தால் சிவகாசி ஏன் பதறுது?

மதியம் மூணு மணி. மேற்கே வானம் கறுக்கிறது. வேற ஊர்னா மாடியில் காயும் துணியை எடுக்க ஓடுவாங்க. சிவகாசி, வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலைகளில், வெயிலில் காயப் போட்ட மருந்துதான் முதல் கவலை.

காரணம் அலுமினியத் தூள். பேன்சி ரகங்களில் பளிச்சென்ற வெளிச்சத்துக்குச் சேர்ப்பது. ஈரம் பட்டால் அது மெல்ல வினை புரியும். சூடு ஏறும், ஹைட்ரஜன் வெளியேறும். குவியலுக்குள்ளேயே சூடு தங்கினால் தானாகத் தீப்பிடிக்கலாம். நனைஞ்ச பட்டாசு வெடிக்காதே என்பது வாங்குறவங்க கவலை. செய்றவங்களுக்கு நனைஞ்ச மருந்துதான் பயம்.

அப்போ எல்லா மேகமும் ஆபத்தா? இல்லை. 1802-ல் மேகங்களுக்குப் பெயர் வைத்து வகை பிரித்தவர் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்ட். அவரும் மருந்துக்காரர்தான், ஆனா நோய்க்கான மருந்து! உருவத்தை வைத்து அவர் போட்ட அடித்தளத்தில்தான், உலக வானிலை அமைப்பு இன்று மேகங்களை 10 பேரினங்களாகப் பிரிக்கிறது. உயரத்தில் இழை இழையாகத் தெரிவது கீற்று மேகம், முழுக்கப் பனித்துகள். போர்வை மாதிரி விரிந்தால் படை மேகம். பஞ்சுப் பொதி மாதிரி இருந்தால் திரள் மேகம்.

கவனிக்க வேண்டியது இந்தத் திரள் மேகத்தைத்தான். வெயிலில் சூடான தரையிலிருந்து ஈரக்காற்று மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும். ஒரு கட்டத்தில் ஈரம் தூசித் துகள்களில் ஒட்டி நீர்த்துளியாகும். அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். ஈரம் போதுமான அளவு இருந்தால் காலையில் பஞ்சுப் பொதியாக இருந்தது, மாலைக்குள் 10 கிலோமீட்டரைத் தாண்டி நிற்கும். அதுதான் கார்திரள் மேகம். இடி, மின்னல் எல்லாம் இதன் வேலை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலை பெரும்பாலான மழையைக் கேரளப் பக்கமே இறக்கிவிடும். மலை தாண்டி இறங்கும் காற்று சூடாகி, மேகம் கரைந்துவிடும். விருதுநகர் மழை மறைவுப் பகுதியானது இப்படித்தான். தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்ற இந்த வறட்சி உதவியது. ஆனால் ஏப்ரல், மே கோடை மழையும், செப்டம்பர், அக்டோபர் இடிமழையும் வேற கதை. இதில் பின்னது தீபாவளி வேலை முடியும் நேரம்.

மின்னல் வெட்டி மூணு விநாடியில் இடி கேட்டால், அது ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆனா எண்ணிக்கிட்டு நிற்க வேண்டாம். மழையே இல்லாத இடத்திலும், மேகத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் இறங்கலாம். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே அந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்றுதான் பொருள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும்.