கம்ப்யூட்டர் மேஜைக்கு ஏற்ற டைரி எது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கம்ப்யூட்டரிலேயே காலண்டர் இருக்கிறதே, இனி டைரி எதற்கு?" என் பதில் எப்போதும் ஒன்றுதான். இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு வேறு. கம்ப்யூட்டர் இயங்க மறுக்கும் நாளில், சர்வீஸ் சென்டரின் போன் எண்ணும் வாரண்டி முடியும் தேதியும் அதற்குள்ளேயே இருந்தால் என்ன பயன்? டைரி என்றால் மின்சாரம் இல்லாத போதும் திறக்கும்.

ஆனால் எந்த டைரி? பெரும்பாலானவர்கள் இதனைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. ஜனவரியில் வங்கியோ மருந்துக் கடையோ இலவசமாகத் தருவதைப் பயன்படுத்தத் தொடங்கி, பொங்கல் முடிவதற்குள் கைவிட்டு விடுகிறார்கள். இனி டைரி வகைகளைப் பார்க்கலாம்.

தினம் ஒரு பக்கம்: ஒரு நாளைக்குப் பத்து வரிகளுக்கு மேல் எழுதுபவர்களுக்கானது. கடைக்காரர்கள், டியூஷன் எடுப்பவர்கள், தினச் செலவுக் கணக்கு எழுதுபவர்களுக்கு நன்கு பயன்படும். வாரத்திற்கு நான்கு வரி எழுதுபவர் இதனை வாங்கினால் வெற்றுப் பக்கங்களே மிஞ்சும். அடுத்த வாரம் என்ன வேலை இருக்கிறது என்பதையும் பக்கங்களைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

வாரம் இரண்டு பக்கம்: திறந்தவுடன் ஏழு நாட்களும் கண்ணில் படும். வீட்டு உபயோகத்திற்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். வாங்கும்போது வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா, திங்களில் தொடங்குகிறதா என்று பாருங்கள். வீட்டுச் சுவரில் உள்ள காலண்டரும் டைரியும் ஒன்று போல் இருந்தால் குழப்பம் வராது.

மாதக் கட்டம்: ஒரு நாளுக்கு ஒரு கட்டம். மின் கட்டணம், பள்ளிக் கட்டணம், திருமண நாள் போன்றவற்றை ஒரே பார்வையில் காணலாம். கட்டம் சிறியது என்பதால் விவரம் எழுத முடியாது.

தேதி இல்லாத நோட்டு: தேதியை நாமே எழுதிக் கொள்ள வேண்டும். ஆண்டின் நடுவில் தொடங்கலாம். பத்து நாள் எழுதாவிட்டாலும் பக்கம் வீணாகாது.

ரிங் பைண்டர்: தாள்களைக் கழற்றி மாட்டலாம். முகவரி, வாரண்டி விவரம் போன்ற பக்கங்கள் ஆண்டுதோறும் அப்படியே தொடரும். விலையும் எடையும் கூடுதல்.

தேர்ந்தெடுக்க எளிய வழி இருக்கிறது. ஏழு நாட்களுக்கு வெறும் தாளில் எழுதி வாருங்கள். பின்னர் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை வரிகள் என எண்ணுங்கள். இரண்டு வரிக்குள் என்றால் மாதக் கட்டம். மூன்று முதல் ஆறு வரை என்றால் வார டைரி. அதற்கும் மேல் என்றால் தினப் பக்கம். அட்டையின் அழகைப் பார்க்க வேண்டாம்.

தேதி அச்சிட்ட எல்லா டைரிகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. டிசம்பர் 31 அன்று அவை பரணுக்குப் போய் விடும். என் பக்கத்து வீட்டுக்காரர் தன் கார் இன்சூரன்ஸ் முடியும் தேதியை மார்ச் பக்கத்தில் அழகாக எழுதி வைத்திருந்தார். புத்தாண்டில் புது டைரி வந்தது. பழையது பரணுக்குப் போனது. இன்சூரன்ஸ் முடிந்ததை அவர் கவனித்தது ஜூலையில். பாலிசி முடிந்த 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் தள்ளுபடி போய் விடும். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கோராதவருக்கு, சொந்த வாகனச் சேதத்திற்கான பிரீமியத்தில் இது 50 சதவீதம். அவர் அதனை இழந்தார். அந்த மாதங்களில் விபத்து ஏதும் நேராதது அவர் அதிர்ஷ்டம்.

எனவே, ஆண்டுதோறும் திரும்பி வரும் தேதிகளைக் கம்ப்யூட்டர் காலண்டரில் பதிந்திடுங்கள். பதியும்போது, ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும்படி அமைத்து, 15 நாட்கள் முன்னதாக நினைவூட்டல் வைத்திடுங்கள். இன்சூரன்ஸ், ஆன்ட்டி வைரஸ் புதுப்பிப்பு, வாரண்டி முடிவு ஆகியவை இதில் வர வேண்டும். இன்று செய்ய வேண்டியது, போனில் பேசும்போது குறிப்பது, புகார் எண் ஆகியவை டைரிக்கு உரியவை. வங்கி பின் எண்ணையும் பாஸ்வேர்டுகளையும் மட்டும் கையோடு எடுத்துச் செல்லும் டைரியில் எழுத வேண்டாம். டைரி தொலைந்தால் எல்லாம் தொலையும்.

பிரிண்டர் வைத்திருப்பவர்கள் டைரியைத் தாங்களே தயாரிக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் கால்க் புரோகிராமைத் திறந்திடுங்கள். முதல் செல்லில் ஆண்டின் முதல் தேதியை டைப் செய்து, அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்திடுங்கள். அடுத்தடுத்த தேதிகள் தாமாக நிரம்பும். அதற்கு முன் கம்ப்யூட்டரின் ரீஜன் அமைப்பு இந்தியாவுக்கு மாற்றப்பட்டுள்ளதா எனப் பார்த்துக் கொள்ளுங்கள். அமெரிக்க அமைப்பில் இருந்தால் ஏப்ரல் 5, மே 4 ஆகி விடும்!

அச்சிடும்போது ஒரு தாளில் இரண்டு பக்கங்கள் என்பதைத் தேர்ந்தெடுத்திடுங்கள். ஏ4 தாளை நடுவில் வெட்டினால் 148க்கு 210 மில்லிமீட்டர் அளவுள்ள இரண்டு ஏ5 தாள்கள் கிடைக்கும். கைக்கு அடக்கமான டைரிக்கு இந்த அளவு போதும். முதலில் ஒரு மாதத்திற்கு மட்டும் அச்சிட்டு எழுதிப் பாருங்கள். பிடித்திருந்தால் மீதிப் பதினொரு மாதங்களை அச்சிடலாம். இல்லையென்றால் வேறு வகையை முயற்சிக்கலாம். செலவு சில தாள்கள்தான்.