பணக்காரன் ஆக ஆசைப்படுவது பாவமா?

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். பொதுக்காலம் 28ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. வாசகங்கள்: சாலமோனின் ஞானம் 7:7-11, எபிரேயர் 4:12-13, மாற்கு 10:17-30)



சில மாதங்களுக்கு முன் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஞாயிறு திருப்பலி முடித்து வெளியே வந்தேன். இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "ஃபாதர், நான் பெரிய பணக்காரன் ஆகணும்னு ஆசைப்படுறேன். அது பாவமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அவருடைய தாய் பதறிப்போனார். "சாமிகிட்ட கேக்கிற கேள்வியாடா இது?" என்று மகனை அதட்டினார். "விடுங்கம்மா, நல்ல கேள்விதான்" என்றேன்.

தாய் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச நகர்ந்ததும் அந்தத் தம்பி மனம் திறந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. விடியுமுன் கம்பெனி பேருந்து ஏற வேண்டும். அப்பா குத்தகை நிலத்தில் நெல் பயிரிடுகிறார். அக்கா திருமணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது. இந்த நிலையில் நண்பர் ஒருவர் செல்பேசியில் ஒரு திட்டத்தைக் காட்டியிருக்கிறார். ஐம்பதாயிரம் போட்டால் சில மாதத்தில் இரண்டு மடங்கு. பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் தனி. "அம்மா செயினை அடகு வைக்கலாம்னு இருக்கேன் ஃபாதர். அம்மாவுக்கு இன்னும் தெரியாது" என்றார்.

அந்தத் தம்பிக்கும், அவரைப் போன்ற நம் பிள்ளைகள் எல்லாருக்கும் இன்றைய நற்செய்தியிலிருந்து பதில் தேடுவோம்.

இன்றைய நற்செய்தியில் ஒருவர் ஓடி வந்து இயேசுவின் முன் முழந்தாளிடுகிறார். மத்தேயு அவரை இளைஞர் என்கிறார். லூக்கா அவரைத் தலைவர் என்கிறார். மாற்கு மட்டும் ஓர் அருமையான செய்தியைத் தருகிறார். இயேசு அவரை உற்றுநோக்கி அன்புகூர்ந்தார். அவரிடம் ஏராளமான சொத்து இருந்தது இயேசுவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அன்புகூர்ந்தார். பணம் இருக்கிறது என்பதற்காக ஆண்டவர் ஒருவரை வெறுப்பதில்லை. வசதியாக வாழ விரும்பும் இளைஞரையும் அவர் அன்போடுதான் பார்க்கிறார்.

திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1991இல் வெளியிட்ட சுற்றுமடலில் இதைத் தெளிவாக்குகிறார். இன்னும் நன்றாக வாழ விரும்புவது தவறல்ல என்கிறார். நல்ல மனிதராக இருப்பதைவிட நிறையப் பொருள் வைத்திருப்பதே பெரிது என்று வாழத் தொடங்குவதுதான் தவறு என்கிறார். ஒழுகாத கூரை, கடன் இல்லாத வீடு, தங்கையின் படிப்பு, அப்பாவின் மருந்து ஆகியவற்றுக்காகச் சம்பாதிக்கத் துடிப்பவரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். வறுமையில் வாடுகிறவரிடம் போய் 'ஆசைப்படாதே' என்று சொல்வது நற்செய்தி அல்ல.

அப்படியானால் எப்படிச் சம்பாதித்தாலும் சரியா? இல்லை. ஆசை சரியான பாதையில் போகிறதா என்று பார்க்க மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன்.

முதல் கேள்வி: இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

வந்தவரிடம் இயேசு கட்டளைகளை நினைவூட்டுகிறார். கொலை, விபசாரம், களவு, பொய்ச்சான்று என்று சொல்லி வரும்போது, பிறரை வஞ்சித்துப் பறிக்காதே என்பதையும் சேர்க்கிறார். இதே நிகழ்ச்சியைச் சொல்லும் மத்தேயுவிலும் லூக்காவிலும் இது இல்லை; மாற்கில் மட்டுமே இருக்கிறது. சொத்துள்ள மனிதரிடம் இயேசு இதைக் குறிப்பிட்டுச் சொன்னதில் பொருள் உண்டு. பிறரை ஏமாற்றிச் சேர்த்த செல்வம் களவுக்குச் சமம்.

நம் வட மாவட்டங்களில் ஆருத்ரா என்ற பெயரை அறியாதவர்கள் குறைவு. மாதம் 30 விழுக்காடு வரை வட்டி கிடைக்கும் என்று நம்பி ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பணம் கட்டினார்கள். சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022இல் வழக்குப் பதிந்தது. பணம் கட்டியவர்களில் பலர் நகையை விற்றவர்கள், கடன் வாங்கியவர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 30 விழுக்காடு என்றால், வட்டியையும் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் ஒரு லட்சம் ரூபாய் ஓராண்டில் 23 லட்சத்தைத் தாண்ட வேண்டும். எந்த வயல் அப்படி விளையும்? எந்தக் கடை அவ்வளவு லாபம் பார்க்கும்? இத்தகைய திட்டங்களில் முதலில் சேர்ந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பின்னால் சேர்ந்தவரின் பணம்தான். அந்தப் பின்னால் வரும் பத்துப் பேர் யார்? கோயிலில் நம் பக்கத்தில் முழந்தாளிடுகிறவர்கள்தாம்.

இரண்டாம் கேள்வி: கணக்குக் காட்ட முடியுமா?

இதற்குப் பாடம் படிக்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன; ஆண்டு 919, 921. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் குடவோலை முறை அவற்றில்தான் இருக்கிறது. அது அந்தணர் ஊர்ச்சபை. எல்லாருக்கும் அதில் இடம் இருக்கவில்லை. ஆனாலும் பணம் பற்றி அது சொல்வதை நாம் கேட்கலாம்.

வாரியத்துக்குப் பெயர் எழுத, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி உடையவருக்கு அரைக்கால் வேலி போதும். சொத்து வைத்திருப்பதை அந்தச் சபை குற்றமாகக் கருதவில்லை. ஆனால் அந்தப் பொருள் தூய வழியில் வந்ததாக இருக்க வேண்டும் என்றது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் இடமில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் வைத்த சட்டம் இது.

ஒருவர் கணக்குக் காட்டாமல் போனால் அவருடைய தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்து தலைகுனிய வேண்டியிருந்தது. இன்றும் அப்படித்தான் நடக்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் வைக்கும் அடகு, பெற்றோருக்குச் சொல்லாத செல்பேசிச் சூதாட்டம் எல்லாம் ஒருநாள் குடும்பம் முழுவதையும் தெருவில் நிறுத்துகின்றன. ஆகவே இளைஞர்களே, ஒரு வருமானத்தைப் பற்றி அம்மாவிடம் வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை என்றால், அங்கேயே நின்று யோசியுங்கள். வீட்டில் காட்ட முடியாத கணக்கைக் கடவுள் முன் எப்படிக் காட்டுவோம்? அவர் பார்வைக்கு மறைவானது எதுவுமில்லை என்று இன்றைய இரண்டாம் வாசகமும் நம்மை எச்சரிக்கிறது.

மூன்றாம் கேள்வி: தேவைப்பட்டால் இதை விட்டுக்கொடுக்க முடியுமா?

நற்செய்தியில் வந்த மனிதர் முதல் இரண்டு கேள்விகளிலும் தேறிவிட்டார். சிறு வயதிலிருந்தே கட்டளைகளைக் கடைப்பிடித்ததாகச் சொன்னார். இயேசுவும் அதை மறுக்கவில்லை. சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்றபோதுதான் முகம் வாடியது. வருத்தத்தோடு திரும்பிப் போனார். சொத்து தம் கையில் இருப்பதாக நினைத்திருந்தார். உண்மையில் அவர்தாம் சொத்தின் கையில் இருந்தார்.

வேறு விதமாக வாழ்ந்த பணக்கார இளைஞரும் உண்டு. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய பியர் ஜோர்ஜியோ பிரசாத்தி இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்தவர். தந்தை புகழ்பெற்ற செய்தித்தாள் ஒன்றின் உரிமையாளர். மகனோ கையில் கிடைத்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். 1925இல் இளம்பிள்ளைவாதம் தாக்கி 24 வயதில் இறந்தார். சாவதற்கு முன், செயலிழந்து வரும் கையால் ஒரு சீட்டு எழுதினார். ஓர் ஏழை நோயாளிக்கு ஊசி மருந்தைச் சேர்க்க வேண்டும். இன்னொருவரின் அடகுச் சீட்டைத் தம் கணக்கில் புதுப்பிக்க வேண்டும். இதுதான் அதில் இருந்த செய்தி. வசதியான வீட்டுப் பிள்ளை, கடைசி நேரத்தில் யாரோ ஒருவருடைய அடகுப் பொருளைப் பற்றிக் கவலைப்பட்டார். அடக்கத்துக்குத் திரண்ட ஏழைகளைப் பார்த்த பிறகுதான் அவர் செய்துவந்த உதவிகளைக் குடும்பத்தார் முழுமையாக அறிந்தார்கள்.

அன்புக்குரியவர்களே, பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "பக்கத்து வீட்டுப் பையன் கார் வாங்கிட்டான், நீ என்ன கிழிச்சே?" என்று சாப்பாட்டு நேரத்தில் நாம் கேட்கிற கேள்விகள் பிள்ளைகளைக் குறுக்கு வழிக்குத் தள்ளுகின்றன. 'எவ்வளவு சம்பாதிச்சே?' என்று கேட்கிற நாம், 'எப்படிச் சம்பாதிச்சே?' என்றும் கேட்கப் பழகுவோம்.

இன்றைய முதல் வாசகத்தில் ஞானத்தைத் தேடியவர், செங்கோலையும் செல்வத்தையும்விட அதை மேலாகக் கருதினார். மற்ற நலன்களும் ஞானத்தோடு சேர்ந்தே வந்தன. நாமும் அந்த வரிசையில் கேட்போம். முதலில் ஞானம், பிறகு பொருள்.

அந்தத் தம்பியிடம் இந்த மூன்று கேள்விகளையும் நண்பரிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன். முதல் கேள்விக்கே நண்பரிடம் பதில் இல்லையாம். அன்று இரவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். திட்டும் விழுந்ததாம். செயின் அம்மா கழுத்திலேயே இருக்கிறது. அக்கா திருமணக் கடனும் இன்னும் இருக்கிறது. இப்போது விடுமுறை நாட்களில் ஏ.சி. பழுதுபார்க்கும் வேலை கற்றுக்கொண்டிருக்கிறார். "சொந்தமா கடை வைக்கணும் ஃபாதர், பெருசா வரணும்" என்றார். "நல்லா வா தம்பி, வந்த பிறகு நம்ம ஊர்ப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் தொழில் கத்துக்கொடு" என்று சொல்லி ஆசீர் வழங்கினேன்.

ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளின் கனவுகளை ஆசீர்வதியும். நேர்மையாக ஈட்டவும், மறைக்காமல் கணக்குச் சொல்லவும், மனம் நோகாமல் கொடுக்கவும் அவர்களுக்கு ஞானம் தாரும். ஆமென்.